துக்க நேரத்தில் வேலையிடத்து ஆட்கள்: மறக்க முடியாதது எது?

ஈசூன்வாசி
அம்மா போய் ஒரு வருஷமாகிவிட்டது. ஒரு விஷயம் மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில் வைத்திருந்தோம், மதியம் மண்டாய் தகனச்சாலை. ஆபீஸிலிருந்து நாலைந்து பேர் துக்கப் பணம் வைத்த வெள்ளை உறையோடு வந்தார்கள். அதில் ஒருவர் என் பக்கத்து மேசைச் சீன அக்கா. யாரிடமும் அதிகம் பேசமாட்டார். கிளம்பும்போது மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிவப்பு நூல் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் துக்க வீட்டில் கொடுப்பார்களே, வீடு போய்ச் சேரும் முன் வீசிவிட. நம்மிடம் எங்கே இருக்கிறது? எங்கள் சின்னம்மா ஒரு பாக்கெட் தண்ணீரை அவர் கையில் திணித்து, "குடிச்சிட்டுப் போம்மா" என்று தமிழிலேயே சொன்னார். அவரும் உட்கார்ந்து முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனார்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அது மாதக் கடைசி, சம்பளப் பட்டியல் என் வேலை. பயந்துகொண்டே திரும்பிப் போனால் எல்லாம் முடிந்திருக்கிறது. மேலாளருக்கே யார் செய்தது என்று தெரியவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் கடைசியாகத் திருத்தியது இரவு பதினொரு மணிக்கு, அந்த அக்காவின் பெயரில். நன்றி சொல்லப் போனேன். "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டுத் திரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இதற்கெல்லாம் நான் எப்படிக் கைமாறு செய்வது?

துவாஸ் தம்பி
அக்கா, எனக்கு 2020ல. இந்தியாவுக்குப் பிளைட் மார்ச்சிலேயே நின்னுபோச்சு, ஏப்ரல்ல நாங்க தங்குற தொழிலாளர் டார்மிட்டரியையும் அடைச்சுட்டாங்க, மே மாசம் அப்பா தவறிட்டார். போக வழியே இல்லை. தம்பிதான் கொள்ளி வச்சான், நான் வீடியோ கால்ல பார்த்தேன். என் போன்ல சார்ஜ் நிக்காது. என் கீழ்க் கட்டில் பங்களாதேஷ் அண்ணன் (சைட்ல எனக்கும் அவருக்கும் தினம் சண்டை) தன் போனைக் கொடுத்து, அது சூடாகி அணைஞ்சுடக் கூடாதுன்னு ஒரு கையில பவர்பேங்கும் இன்னொரு கையில அட்டை விசிறியுமா என் எதிர்லயே நின்னார். சுடுகாட்டுல சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு, ரொம்ப நேரம் ஆச்சு. நோன்பு மாசம் வேற, வாயில தண்ணி படாம நின்னார். முடிஞ்சதும் அவரே குளிக்கிற இடத்துல வாளி நிறைய தண்ணி பிடிச்சு வச்சுட்டு, "போ, குளி" என்றார். நம்ம பழக்கம் அவருக்கு யார் சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

பிடோக் பெரியவர்
எனக்கும் நல்ல அனுபவம்தான். மாமனார் இறந்தபோது என் ஷிப்ட்டை ஒருவர் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் இளையவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். துக்க விடுப்பு தருவது இங்கே சட்டப்படி கட்டாயம் இல்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் முதலாளியிடம் பேச வேண்டியதுதான். தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். தாத்தா பாட்டி, மாமனார் மாமியார் உண்டா இல்லையா என்பதை இப்போதே படித்துவையுங்கள், அழுதுகொண்டு படிக்க முடியாது. 2022 மே 29 முதல் இறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில்தான். மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததும் பதிவு தானாக நடந்துவிடும். சான்றிதழை 30 நாளுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள், மனிதவளப் பிரிவு கேட்கும். அப்புறம் மத்திய சேமநிதி, அதாவது சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு. உயில் எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சேமநிதிப் பணம் உயிலில் வராது, யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். இன்றே செய்யுங்கள்.

ஈசூன்வாசி
ஐயா, நான் கேட்டது இதுவா?

ஜூரோங் கிழக்கு
எல்லாரும் ஒரேயடியாக உருகுகிறீர்கள். என் அண்ணன் போனபோது கம்பெனி பெயர் போட்டுப் பெரிய மலர் வளையம் வந்தது. மறுநாள் காலையில், நான் சாம்பல் வாங்க வரிசையில் நிற்கும்போது, மேலாளரின் மெசேஜ்: "அந்தப் பாஸ்வேர்டு என்ன?" அனுப்பினேன். நன்றி என்று ஒரு கைகூப்பு எமோஜி. சக ஊழியர்களின் அன்பு என்பது முதல் இரண்டு நாள்தான். ஈசூன் அக்காவின் கதையில்கூட அந்த அம்மா வேலையைத்தான் செய்தார், கம்பெனிக்கு லாபம். அப்புறம் வெள்ளை உறை. இந்துக்கள் அதை வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

துவாஸ் தம்பி
அண்ணே, வாங்கக் கூடாதுன்னா ஊர்ல மொய் எதுக்கு எழுதுறோம்? எனக்கு ரூம் பசங்க பிரிச்சுக் கொடுத்த காசுலதான் பதினாறாம் நாள் காரியமே நடந்துச்சு.

ஈசூன்வாசி
ஜூரோங் அண்ணன், கம்பெனிக்கு லாபம் என்றால் பகலிலேயே மேலாளருக்குத் தெரிகிற மாதிரி செய்திருப்பாரே. உங்கள் மேலாளர் அப்படி என்றால் எல்லாரும் அப்படியா? அண்ணனுக்காக வருத்தப்படுகிறேன், அது வேறு.

புதுசு
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் குழுவில் ஒரு சீன நண்பரின் அப்பா நேற்று இறந்துவிட்டார், இன்று இரவு போகிறோம். எவ்வளவு வைப்பது, என்ன உடுத்துவது?

ஈசூன்வாசி
வெள்ளை அல்லது கறுப்பு, சிவப்பு வேண்டாம். வெள்ளை உறையில் ஒற்றைப்படைத் தொகை, உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். நூல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் இந்த வாரம் முடிக்க வேண்டிய வேலை என்ன என்று போகும் முன்பே குழுவில் விசாரித்துவிடுங்கள். அவரிடம் கேட்காதீர்கள்.