டிவி சொன்னதை நம்பி யாரையாவது வெறுத்திருக்கிறீர்களா?

மாடித்தோட்டம்:

நான் வெறுத்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் வீட்டில் ஐந்து பேர், ஒரே டிவி. ஜூன் 14 அன்று மும்பையில் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தபோது, தோனி படத்தில் நடித்தவர் என்று சொன்ன பிறகுதான் "அடடா, அந்தப் பையனா" என்றார் அம்மா. ஆகஸ்ட் வருவதற்குள், அவர் சாவுக்குக் காரணம் என்று டிவி காட்டிய அவருடைய காதலி, நடிகை ரியா சக்ரவர்த்தியை எங்கள் தெருவே தெரிந்து வைத்திருந்தது. ரியாவின் வாட்ஸ்அப் உரையாடல்கள் திரையில் ஓடின. சூனியம் வைத்தாரா என்றுகூட விவாதம் நடந்தது. செப்டம்பரில் அவர் விசாரணைக்குப் போனபோது மைக்கும் கேமராவுமாக அவரை நெருக்கித் தள்ளினார்கள். நாங்கள் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து அதைப் பார்த்தோம். எனக்குக் கொஞ்சமும் பாவமாகத் தோன்றவில்லை. "நெருப்பில்லாமல் புகையுமா" என்றார் அம்மா. நானும் குடும்பக் குழுவில் இரண்டு வீடியோக்களை அனுப்பினேன்.

செப்டம்பர் 8 அன்று போதைப்பொருள் வழக்கில் அவரைக் கைது செய்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் பைகுல்லா சிறையில் இருந்தார். அக்டோபரில் எய்ம்ஸ் மருத்துவக் குழு, நடந்தது கொலை இல்லை என்றது. 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், ஊடகங்கள் நடத்தும் விசாரணை உண்மையான விசாரணைக்கே இடையூறு என்று சொன்னது. இவை எதுவும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேரவில்லை.

2025 மார்ச்சில் சிபிஐ வழக்கை முடிக்கும் அறிக்கையைத் தாக்கல் செய்தது. செல்போனில் படித்துவிட்டு, "அம்மா, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லையாம்" என்றேன்.

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

தினமும் திட்டிய முகம் அவருக்கு மறந்தே போயிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய ரேடியோ:

அக்கா, உங்கள் அம்மா சொன்ன அந்த 'நெருப்பில்லாமல் புகையுமா' மாதிரியே என் அப்பாயி வேறு ஒருவரைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்களுக்குத் திருச்சிப் பக்கம். அப்பாயிக்கு தியாகராஜ பாகவதர் என்றால் உயிர். நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதியே பிழைத்த 'இந்து நேசன்' பத்திரிகை லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொலையானார். அந்த வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். அந்தத் தீபாவளிக்குத்தான் பாகவதரின் 'ஹரிதாஸ்' வந்திருந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளி கண்ட படம்.

1947-ல் இருவரும் விடுதலையானார்கள். கலைவாணர் பழையபடி சிரிக்க வைத்தார். பாகவதருக்கு அந்தப் பழைய காலம் திரும்பவேயில்லை. அதற்குச் சினிமா மாறியதும் ஒரு காரணம். ஊர்ப் பேச்சு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பாட்டை ரேடியோவில் கேட்டுக் கண்கலங்குகிற அப்பாயியே, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் ஏதோ இல்லாமலா எழுதுவான்" என்பார். நீதிமன்றம் விடுவித்த மனிதரை அவரால் முழுசாக விடுவிக்க முடியவில்லை. அந்தப் பத்திரிகையை அவர் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. யாரோ படித்துச் சொன்னதுதான்.

மூன்றுகால் ஸ்டாண்டு:

எட்டு வருடம் டிவி கேமரா தூக்கியவன் நான். ஒரு மூத்த நடிகரின் சாவு வீட்டில் நின்றிருந்தேன். ஒரு நடிகை வந்தார். அரைமணி நேரம் அந்த வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கிளம்பும்போது வாசலில் வயதான மேக்கப்மேன் ஒருவர் கும்பிட, அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். இரண்டு நொடி இருக்கும்.

நான் எல்லாவற்றையும் எடுத்து அனுப்பினேன். அந்த இரண்டு நொடியை மட்டும் வெட்டி, 'துக்க வீட்டில் சிரித்த நடிகை' என்று போட்டார்கள். அழுததும் அதே கேமராவில்தான் இருக்கிறது என்று டெஸ்க்குக்குப் போன் செய்தேன். "அதை யாரு சார் பாப்பா?" என்றார்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

சில மாதம் கழித்து ஒரு பட பூஜையில் அவரை மறுபடி பார்த்தேன். மைக்கில் இருந்த சேனல் பெயரைக் கண்டதும் அவர் முகம் இறுகிவிட்டது. ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தார். அதையும் ஒளிபரப்பினார்கள். அதற்குக் கீழே வந்த முதல் கமெண்ட், 'எவ்வளவு திமிர் பாருங்க'.