ஆண் பிள்ளை, பெண் பிள்ளை: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மேலூர்க்காரி:
போன ஞாயிறு அக்கா வீட்டில் கறிக்குழம்பு. ஈரல் எப்போதும் போல பையன் தட்டுக்குத்தான் போனது. அவன் எட்டாவது, மூத்தவள் பத்தாவது. அவன் பாதியை எடுத்து அவள் தட்டில் வைத்தான். "ஆம்பளப் புள்ளைக்குத்தான்டா தெம்பு வேணும்" என்றார் அப்பத்தா. "அவளுக்குத்தான் ரத்தம் கம்மியாம், ஸ்கூல்ல மாத்திரை தர்றப்போ சொன்னாங்க" என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அவள் அதைத் தொடவே இல்லை. ஓரமாக ஒதுக்கி வைத்திருந்து, அப்பத்தா எழுந்து போனதும் அவன் தட்டிலேயே திருப்பிப் போட்டுவிட்டாள். தம்பி மாறிவிட்டான், இவளை யார் மாற்றுவது?

பத்திரக்கடை:
பத்திரம் எழுதும் இடத்தில் வேலை எனக்கு. சொத்தில் என் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம் வராத மாதமே கிடையாது. அன்றைக்கு வந்த அம்மாவுக்கு அறுபது வயசிருக்கும். "இதுல என்னப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டார். கூட வந்த தம்பி, "நீ போடுக்கா, டோக்கன் போயிடும்" என்றார். நான் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, நாளைக்கு அவன் வீட்டு வாசப்படி நான் மிதிக்கணும்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். விவரம் தெரியாமல் போட்டவர் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

அண்ணன்காரன்:
பத்திரக்கடை ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார். தங்கை கல்யாணக் கடனுக்காக நான் டிப்ளமோவைப் பாதியில் விட்டு திருப்பூர் போனேன். கம்பெனிக்குக் கிளம்பிய அன்று அப்பா என் பையில் துணியை மடித்து வைத்தார், முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆம்பளப் புள்ள, தாங்குவான்" என்று ஊரே சொன்னது. நகை, சீர், தலைப்பிரசவம் எல்லாம் செய்த பிறகு நிலத்திலும் பங்கு என்றால் எப்படி?

கோவை வாசகி:
அண்ணன்காரன், உங்கள் படிப்பு போனது பெரிய இழப்புதான். ஆனால் அதைத் தின்றது தங்கை இல்லை, வரதட்சணை. 1961 சட்டப்படி அதைக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். நகையாகப் போட்டதைப் பங்கில் கழிக்க முடியாது. தமிழ்நாட்டில் 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. அப்பா அப்போது உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பா தானே சம்பாதித்தது வேறு, அதை அவர் யாருக்கும் எழுதி வைக்கலாம். அதனால் பெண்களே, கையெழுத்துப் போடும் முன் எது பூர்வீகம், எது சுயசம்பாத்தியம் என்று கேளுங்கள். சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். நகலை முதல் நாளே வாங்கி வீட்டில் படியுங்கள். மேலூர்க்காரி, நீங்களும் ஒன்று செய்யுங்கள். அக்காவிடம் சொல்லி அடுத்த முறை அந்தப் பெண்ணுக்கே முதலில் பரிமாறச் சொல்லுங்கள். பையனிடமிருந்து வாங்கிக் கொடுத்தால் அவளுக்கு அது அவன் பங்காகத்தான் தெரியும். என் கதை இவ்வளவுதான்: என் அம்மா கடைசியில்தான் சாப்பிடுவார், அப்போது குழம்பில் கறி மிஞ்சியிருந்து நான் பார்த்ததில்லை.

டீச்சர் அம்மா:
அரசு நடுநிலைப் பள்ளி. பி.டி. பீரியடில் மைதானம் முழுக்கப் பையன்கள், பெண்கள் வேப்பமரத்தடியில். ஒருநாள் பந்தை முதலில் பெண்களிடம் கொடுத்தேன். ஏழாவது படிக்கும் ஒருத்தி பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "டீச்சர், நாங்க எங்க நின்னு விளையாடுறது?" என்று கேட்டாள். அவ்வளவு பெரிய மைதானம் கண் முன்னால் கிடக்கிறது! சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாதி பாதியாகப் பிரித்தேன். மறுவாரமே ஓர் அப்பா வந்து, "வெயில்ல கறுத்துட்டா நாளைக்கு யாரு கட்டுவா?" என்றார். பையனைப் பெற்றவர்கள் யாரும் வெயிலைப் பற்றிப் பேசியதில்லை. கோட்டை நான் அழிக்கவில்லை. ஆனால் பந்து அந்தப் பக்கம் போனால் பெண்கள் இன்னும் எடுக்கப் போகத் தயங்குகிறார்கள். கலந்தே டீம் பிரித்து விளையாட வைத்தவர்கள் இங்கே இருந்தால், எந்த வகுப்பிலிருந்து ஆரம்பித்தீர்கள் என்று சொல்லுங்கள்.