கட்டடக்கலை முதுகலை: கையில் 14 லட்சம்தான், முகவர் சொல்லும் கணக்கு சரியா?

தக்கலைப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. தாத்தா மர ஆசாரி. எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலைப் பட்டம்) முடித்துவிட்டு ஒன்றரை ஆண்டாக அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மரக் கட்டுமானம் சார்ந்து வெளிநாட்டில் முதுகலை படிக்க வேண்டும் என்பது பல நாள் ஆசை. என் சேமிப்பு, அப்பா தருவது, வங்கிக் கடன் மூன்றையும் சேர்த்தால் 14 லட்சம் ரூபாய் வரும். அதற்கு மேல் வழியில்லை.

போன வாரம் ஒரு முகவரைப் பார்த்தோம். என் சி.ஜி.பி.ஏ., அதாவது சராசரி மதிப்பு, 10க்கு 7.6. "ஜெர்மன் கணக்கில் இது 2.8. அரசுப் பல்கலைக்கழகங்கள் 2.5 வரைதான் எடுக்கும்" என்று சொல்லி, ஆண்டுக்கு 12,000 யூரோ கட்டணம் உள்ள ஒரு தனியார் கல்லூரியைக் காட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் 50,000 ரூபாய் முன்பணம் வேண்டுமாம். பாறசாலைப் பக்கம் இருக்கும் ரப்பர் தோட்டத்தை விற்றுவிடலாம் என்கிறார் அப்பா. அம்மா இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. எனக்கு உண்மையிலேயே வேறு கதவு இல்லையா?

மார்த்தாண்டத்துக்காரன், இப்போது ட்ரெஸ்டனில்

முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், தோட்டத்தை விற்க வேண்டாம். முன்பணமும் கட்ட வேண்டாம்.

அந்த 2.8 எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தேன். ஜெர்மன் மதிப்பில் எண் குறையக் குறைய நல்லது. சூத்திரம் எளிது. அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழிக்க வேண்டும். அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்புக்கும் உள்ள இடைவெளியால் அதை வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். முகவர் குறைந்தபட்சமாக 6ஐ வைத்திருக்கிறார். 2.4ஐ 4ஆல் வகுத்தால் 0.6, மூன்றால் பெருக்கினால் 1.8, ஒன்று கூட்டினால் 2.8. முதல் வகுப்புக்கான 6ஐத் தேர்ச்சி மதிப்பு என்று எடுத்துவிட்டாரோ என்று சந்தேகம். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைப் பாருங்கள். தேர்ச்சி 5 என்று இருந்தால் உங்கள் மதிப்பு 2.44. வேறு கதையே ஆகிவிடும். தவிர, 2.5 என்பது எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உள்ள வரம்பு அல்ல. கட்டடக்கலையில் உங்கள் படைப்புத் தொகுப்பையும் பார்ப்பார்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது. "ஜெர்மனி இலவசம்" என்று யாராவது சொன்னால் எந்த மாநிலம் என்று கேளுங்கள்.

உங்களுக்கு நெருக்கடி கட்டணத்தில் இல்லை, முடக்கப்பட்ட கணக்கில்தான். செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கு அது. விசாவுக்கு 11,904 யூரோ அதில் காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 12 லட்சம். அந்தப் பணம் எங்கும் போய்விடாது, மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். முதல் ஆண்டை அது தாங்கும். இரண்டாம் ஆண்டுக்கு உழைக்க வேண்டும். ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். கட்டடக்கலை முதுகலையில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான். ஆங்கிலத்தில் கொஞ்சம்தான் இருக்கின்றன. நான் நாகர்கோவிலில் ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் மட்டும் முடித்ததோடு வந்து முதல் ஆறு மாதம் மிகவும் திணறினேன். இப்போதே மொழியைத் தொடங்குங்கள்.

குழித்துறைக் கட்டடக் கலைஞர்

மகளே, கணக்கைத் தம்பி சொல்லிவிட்டார். நான் உன் படைப்புத் தொகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது ஆண்டாக இளையவர்களின் தொகுப்புகளைப் பார்த்து வருகிறேன். எல்லாவற்றிலும் ஒரே கண்ணாடிக் கோபுரம், ஒரே விமான நிலையம். அவற்றை உன் தொகுப்பின் கடைசிக்குத் தள்ளு.

உன் வாசலில் இருப்பது தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கும் மர அரண்மனை. உன் வீட்டில் ஒரு ஆசாரி. தாத்தாவிடம் முழக்கோல், அதாவது ஆசாரிகளின் அளவுகோல், இருக்கிறதா? இருபத்து நான்கு விரல் ஒரு கோல், இன்றைய அளவில் 72 சென்டிமீட்டர். அந்தக் கோலை அளந்து வரை. அவர் செய்த ஒரு கூரையை, கழுக்கோல் (கூரையின் சாய்வுச் சட்டம்) உத்தரத்தில் எப்படி உட்காருகிறது என்பது தெரிய, இணைப்பு இணைப்பாகப் பிரித்து வரை. மரப் படிப்புக்குத் தேர்வு செய்பவர் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவார். பவேரியாவில் ரோசன்ஹைம் மரத் தொழில்நுட்பத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே உள்ள பாடத்திட்டங்களையும் படித்துப் பார்.

செங்கோட்டை அக்கா, தூரினில்

தங்கச்சி, இத்தாலியையும் பட்டியலில் சேர்த்துக்கொள். மிலானிலும் தூரினிலும் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலவழிக் கட்டடக்கலை முதுகலை இருக்கிறது. கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. மிலானில் உச்சமே ஆண்டுக்கு 4,000 யூரோவுக்குள்தான். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் வட்டார அரசின் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். நான் படிப்பது அதில்தான்.

உன்னை அலைக்கழிக்கப் போவது காகிதங்கள். வீடு தமிழ்நாட்டில், தோட்டம் கேரளத்தில் அல்லவா? வருமானச் சான்றுக்கு இங்கே தாலுகா அலுவலகம், தோட்டத்துக்கு அங்கே வில்லேஜ் ஆபீஸ். ஒன்று தமிழில், மற்றது மலையாளத்தில் இருந்தால் இரண்டையும் மொழிபெயர்க்க வேண்டும். சான்றளிப்பும் வேண்டும். பட்டச் சான்றிதழ் கேரளத்தில் வாங்கியது என்பதால் அதைச் சான்றளிக்கத் திருவனந்தபுரத்தில் உள்ள நோர்க்காவில் (வெளிநாடு செல்வோருக்கான கேரள அரசு அமைப்பு) கொடு. கட்டணத்தைக் கணக்கிட வீட்டின் பரப்பையும் சதுர மீட்டரில் கேட்பார்கள். எனக்கு ஒரே ஒரு சான்று தாமதமானதால் இரண்டு மாதம் வீணானது. சேர்க்கைக் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் இன்றே தொடங்கு.

தக்கலைப் பெண்

மதிப்பெண் பட்டியலைத் திருப்பிப் பார்த்தேன். தேர்ச்சி 5 என்றுதான் அச்சிட்டிருக்கிறது! அப்பாவிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். முகவருக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா, திங்கட்கிழமை பாறசாலைக்குப் போகிறோம். அண்ணா, நம் பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய் என்று பார்த்தேன். இத்தாலிக்கும் அது வேண்டுமா?

மார்த்தாண்டத்துக்காரன், இப்போது ட்ரெஸ்டனில்

இல்லை, அது ஜெர்மனிக்கு மட்டும். ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பது உறுதி என்றால் உடனே கட்டுங்கள், கையில் வர வாரக்கணக்கில் ஆகும். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், கட்டடக்கலைப் பட்டதாரிகளுக்கென்றே ஒரு முதுகலை உதவித்தொகை தருகிறது. கடைசிப் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. உங்களுக்குப் பொருந்தும், அதையும் விடாதீர்கள்.

தக்கலைப் பெண்

நன்றி அண்ணா. குழித்துறை ஐயாவுக்கு: முழக்கோல் பரணில் கிடைத்தது. ஒரு முனை தேய்ந்திருக்கிறது, 71.6 வருகிறது. தேய்ந்ததைத் தேய்ந்தபடியே வரையலாமா?

குழித்துறைக் கட்டடக் கலைஞர்

அப்படியே வரை. எந்தக் கை பிடித்துத் தேய்ந்தது என்று தாத்தாவைக் கேட்டு ஓரத்தில் எழுதிவை.