உப்பு ஏற்றிய பழைய டிரெய்லர்: பெயின்ட் கொப்பளிக்கிறது, இடது ஹப் கொதிக்கிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யம் பக்கத்து உப்பளம் ஒன்றில் பல ஆண்டுகள் உப்பு மூட்டை சுமந்த சிறிய டிரெய்லர் ஒன்றைச் சென்ற ஆண்டு விலைக்கு வாங்கினேன். ஒற்றை ஆக்சிலும் இரண்டு சக்கரங்களும் ஆறடிக்கு நான்கடி தொட்டியும் இருபுறமும் கமான் பட்டையும் (அடுக்குத் தகட்டு ஸ்பிரிங்) கொண்ட வண்டி அது. மினி டிராக்டரில் பூட்டி எருவும் வைக்கோலும் ஏற்றுவதற்காக வாங்கினேன். அடித்தகட்டில் பல இடங்களில் ஓட்டை விழுந்திருந்ததால் அதை முழுவதும் மாற்றினேன். சேசிஸைக் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டும் எனாமல் இரண்டு கோட்டும் அடித்தேன். ஏழு மாதம்கூட ஆகவில்லை. சேனலின் (‘ப’ வடிவ இரும்புச் சட்டத்தின்) உள்மடிப்பிலும் குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகளிலும் பெயின்ட் கொப்பளித்துவிட்டது. கொப்புளத்தைக் கீறினால் அடியிலிருந்து துரு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. பட்டறையில் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பேரிங்குகளைப் புதிதாகப் போட்டு நட்டை நன்றாக இறுக்கித் தந்தார்கள். அன்றிலிருந்து நான்கு கிலோமீட்டர் ஓடினாலே இடது ஹப்பில் கை வைக்க முடியவில்லை. மேலும், பின்னால் நின்று பார்க்கும்போது தொட்டி டிராக்டருக்கு நேராக வராமல் இடப்புறம் ஒதுங்கி வருகிறது. நல்ல கனமான சேனலில் கட்டிய வண்டி என்பதால் இதைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பதில் 1

தம்பி, முதலில் ஹப்பைப் பாருங்கள். அது சரியாகும்வரை பாரம் ஏற்ற வேண்டாம். கூம்பு உருளை பேரிங்கில் நட்டை இறுக்கியபடியே விட்டுவிட்டால் உருளைகளுக்கு இடமில்லாமல் போய் ஹப் கொதிக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கிறது. வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இடப்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் உறுதியான முட்டுக் கொடுங்கள். கிரீஸ் கருகியிருந்தாலோ உருளைகள் நீலம் பாய்ந்திருந்தாலோ பேரிங்கை அதன் வெளிக் கப்போடு (உருளைகள் ஓடும் வெளிவளையம்) சேர்த்தே மாற்றிவிடுங்கள். பழைய கப்பில் புதிய பேரிங்கைப் போட்டால் நெடுநாள் தாங்காது. ஆயில் சீலையும் புதிதாகப் போடுங்கள். மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பேரிங் நன்றாக அமர்ந்த பிறகு தளர்த்தி, மறுபடி விரல் பலத்தில் மட்டும் திருகுங்கள். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னின் துளை நேராக வராவிட்டால் தளர்த்தும் பக்கமாகத்தான் நகர்த்த வேண்டும், இறுக்கும் பக்கமாக அல்ல.

வண்டி ஒதுங்குவதற்கு ஆக்சில் கோணலாக இருப்பது காரணமாக இருக்கலாம். டிராபாரின் (டிராக்டரில் பூட்டும் இழுவைத் தண்டு) வளைய மையத்திலிருந்து ஆக்சிலின் இரு முனைகளுக்கும் டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். அதே புள்ளியிலிருந்து சேசிஸின் இரு பின்மூலைகளையும் அளந்துவிடுங்கள். அந்த அளவு மாறினால் வளைந்திருப்பது டிராபாரோ சேசிஸோ ஆகும்.

பதில் 2

நான் கடற்கரை ஊர்க்காரன். உப்பு பட்ட இரும்போடு பல காலம் போராடியவன் என்பதால் பெயின்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் உழைப்பில் குறையில்லை, வரிசையில்தான் குறை. கம்பி பிரஷ் மேலேயுள்ள துருவை எடுத்துப் பளபளப்பாக்குமே தவிர, துருக்குழிகளுக்குள் படிந்த உப்பை எடுக்காது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, பெயின்ட்டுக்கு அடியிலேயே மறுபடி துருவை வளர்க்கிறது. அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் கொப்பளிக்கத்தான் செய்யும்.

கொப்பளித்த இடங்களைச் சுற்றி நல்ல பெயின்ட் வரும்வரை சுரண்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரைப் பீய்ச்சி, நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி உலரவிடுங்கள். மறுபடி கம்பி பிரஷ், மறுபடி தண்ணீர் என்று இரண்டு மூன்று முறை செய்யுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். மழைநீர் கிடைத்தால் மிகவும் நல்லது. ஓர் இரவு அப்படியே விட்டுவைத்துக் காலையில் பாருங்கள். இரும்பு பரவலாகச் செம்மை ஏறியிருந்தால் அது சாதாரண ஈரத்துரு. ஆனால் திட்டுத் திட்டாகக் கறுத்து ஈரம் கசியும் இடங்களில் உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். திட்டுகள் வராத நாளன்று லேசாகத் தேய்த்து, வெயில் இருக்கும்போதே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். மூலைகளிலும் விளிம்புகளிலும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கோட் தனியாக இழுங்கள். பெயின்ட் எப்போதும் விளிம்பில்தான் மெலிந்து நிற்கும்.

டிராபார் மூடிய பெட்டிக் குழாயாக இருந்தால் அது உள்ளிருந்தே அரித்திருக்கலாம். சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் இடம் மெலிந்த இடம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அளந்து பார்த்ததில் ஆக்சிலின் இடமுனை 18 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது. பின்மூலைகள் இரண்டும் சமமாக உள்ளன. கமான் பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டைக் கழற்றியபோது, ஆக்சிலை இடம் நகராமல் நிறுத்தும் இடது கமான் பட்டையின் சென்டர் போல்ட் இரண்டாக முறிந்து கிடந்தது. டிராபாரில், வளையத்திலிருந்து ஓரடி தூரத்தில், மந்தமாக ஒலிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்தால் போதுமா?

பதில் 1

போதாது தம்பி. இழுவை முழுவதையும் தாங்குவது அந்த ஓரடிதான். ஒட்டுப் போடாமல் மெலிந்த குழாயை மாற்றிவிடுங்கள். பற்றவைக்கும்போது எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்தின் அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். சக்கரப் பக்கம் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து புதிய உருளைகளில் குழி விழும். கமான் பட்டைக்குச் சென்டர் போல்ட்டோடு யூ போல்ட்டுகளையும் புதிதாகப் போடுங்கள், ஏனெனில் யூ போல்ட் தளர்ந்த பிறகுதான் சென்டர் போல்ட் முறியும். முதல் பாரம் ஏற்றி இறக்கியதும் அந்த நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.