மூன்று எண்ணும் வரை

19 வருடமாக கணக்கு டீச்சர், பெரும்பாலும் ஆறாம், ஏழாம் வகுப்பு. இந்த வேலையில் சந்தோஷம் எது, கஷ்டம் எது என்று கேட்டால் எனக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் கிடைத்திருக்கிறது, பிள்ளை தப்பாகப் பதில் சொல்லும்போது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலகையில் 8 + 4 = __ + 5 என்று எழுதி, கோட்டில் என்ன வரும் என்று கேட்டேன். பாதிக்கு மேல் 12 என்றார்கள், சிலர் 17. போன வாரம் முழுக்க கூட்டல்தானே போட்டோம் என்று கத்திவிட்டேன். கூட்டல் அவர்களுக்கு நன்றாகவே தெரியும், சமக்குறி என்றால் 'இதோ விடை வரப்போகிறது' என்றுதான் நினைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது. முதல் வகுப்பிலிருந்து 5 + 3 = என்று எழுதிவிட்டு விடை போட்டே பழகியவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று நான் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறேனா, அதுவும் இல்லை.

அப்புறம் ஒரு பயிற்சி வகுப்பில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிச் சொன்னார்கள். வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து 1970களில் எழுதியவர். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு வினாடிதானாம், அதை 3 வினாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, எப்போதும் வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். நான் நம்பவில்லை. போனை மேசையில் வைத்து என் வகுப்பை நானே பதிவு செய்து கேட்டேன். கேள்வியும் நான், பதிலும் நான், நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை!

மறுநாளிலிருந்து மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். முயன்று பாருங்கள், 3 வினாடி மௌனம் வகுப்பில் மூன்று நிமிடம் போல நீளும். 1/4 பெரியதா, 1/8 பெரியதா என்று கேட்டுவிட்டு நிற்கிறேன், கடைசி பெஞ்சில் வருடம் முழுக்கப் பேசாத பெண் ஒருத்தி, "எட்டுதான் பெரிசு மிஸ், ஆனா பங்கு கேக்கறவங்க ஜாஸ்தியாயிட்டா..." என்று இழுத்தாள். முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் முடித்தாள். அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஒருவரும் சரியாகக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

*

மேலே எழுதியிருக்கும் டீச்சருக்கு வணக்கம். மூன்று வினாடி எல்லாம் சரிதான், என் வகுப்பில் 52 பேர். நான் மொழிப்பாட ஆசிரியர். ஒரு கட்டுரையை 5 நிமிடத்தில் திருத்தினாலும் மொத்தம் 260 நிமிடம், அதாவது நாலே கால் மணி நேரத்துக்கும் மேல். அது ஒரு பிரிவுக்கு மட்டும். ஃப்ரீ பீரியட் என்று காகிதத்தில் இருக்கும், ஆனால் யாராவது லீவு போட்டால் அதுவும் போய்விடும். இத்தனைக்கும் பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் பையன் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிறான்.

அதனால் ஒரு தடவை மார்க்கே போடாமல் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தேன். "இந்தப் பாட்டி ஏன் அழுதார்?" இப்படி. முக்கால்வாசிப் பேர் பதில் எழுதிக்கொண்டு வந்தார்கள், கேட்காமலேயே. ஒரு அம்மா மட்டும் போன் செய்து, மார்க் எங்கே சார் என்று அரை மணி நேரம். இரண்டையும் சேர்த்துத்தான் சம்பளம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தொண்டையைப் பற்றி யாரும் எழுதவில்லையே? எனக்கு ஒரு வாரம் குரலே போயிற்று. பலகையில் எழுதியே பாடம் நடத்தினேன், வகுப்பு அவ்வளவு அமைதியாக என்றைக்கும் இருந்ததில்லை.

*

நான் அறிவியல் எடுத்தேன், இப்போது ஓய்வு. என்னுடையது சந்தோஷமான கதை இல்லை.

வங்கியில் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் என் படிவத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து, "மிஸ், என்னைத் தெரியுதா?" என்றார். முகம் பிடிபட்டது, பெயர் வரவில்லை. மரியாதையாகப் பேசினார், வேலையை முடித்துக் கொடுத்தார். கடைசியில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "நீங்க ஒரு தடவை, 'உனக்கு இது வராது, உட்காரு'ன்னு சொன்னீங்க மிஸ். அதுக்கப்புறம் நான் கை தூக்கவே இல்ல."

எனக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவசரத்தில் சொல்லியிருப்பேன், பாடம் முடிக்க வேண்டியிருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன், "ஐயோ, விடுங்க மிஸ்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

*

முதலில் எழுதிய கணக்கு டீச்சர்தான். வங்கிக் கதையைப் படித்துவிட்டு ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை, நானும் எத்தனை பேரை உட்காரச் சொன்னேனோ.

இன்று 0.35 பெரியதா, 0.4 பெரியதா என்று கேட்டேன். நாலைந்து குரல், 0.35 என்று. ஒருவனைப் பார்த்து ஏன் என்று மட்டும் கேட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. அவன் வாயைத் திறந்தான், மணி அடித்துவிட்டது. நாளைக்கு முதல் பீரியட் அதே வகுப்புதான்.