புதுப்பிப்பு: புள்ளி ஏன் கூடவில்லை என்று தெரிந்துவிட்டது

போன வாரம், பைத்தான் மொழியில் எழுதிய என் வினாடி வினா நிரலில் புள்ளி ஏன் கூடவில்லை என்று கேட்டிருந்தேன். மேலே புள்ளி = 0; விடையைச் சரிபார்க்கும் ஃபங்ஷனுக்குள் (தனிப் பெயருள்ள நிரல் பகுதி) புள்ளி += 1, அதாவது ஒன்று கூட்டு. ஓட்டினால் அன்பவுண்ட்லோக்கல்எரர், அதாவது மதிப்பு கொடுக்கும் முன்பே ஒரு பெயரைப் பயன்படுத்திய பிழை. அதைவிடக் குழப்பியது, பிழை காட்டிய இடம் கூட்டல் வரி அல்ல, அதற்கு மேலே புள்ளியைத் திரையில் காட்ட இருந்த பிரிண்ட் வரி.

காரணம் பிடிபட்டது. ஃபங்ஷனுக்குள் எங்காவது ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்தால் போதும், பைத்தான் அதை ஃபங்ஷன் முழுவதற்கும் உள் மாறி (அந்த ஃபங்ஷனுக்குள் மட்டும் இருக்கும் பெயர்) என்று, ஓடுவதற்கு முன் கம்பைல் செய்யும்போதே முடிவு செய்துவிடுகிறது. பிரிண்ட் வரி வெளியே இருந்த 0-வைப் பார்க்கவே இல்லை. += என்பதும் மதிப்பு கொடுப்பதுதான், அதைத்தான் நான் கவனிக்கவில்லை.

அதே ஃபங்ஷனுக்குள் அப்பெண்ட் மூலம் சேர்த்த தவறான விடைகளின் பட்டியல் மட்டும் எப்படி ஒழுங்காக வேலை செய்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அப்பெண்ட் பெயருக்குப் புது மதிப்பு கொடுப்பதில்லை, இருக்கிற பட்டியலிலேயே சேர்க்கிறது.

ஃபங்ஷனின் முதல் வரியாக குளோபல் புள்ளி (வெளியே உள்ள புள்ளியையே பயன்படுத்து) என்று எழுதியதும் சரியாக ஓடியது. அப்புறம் அதையும் எடுத்துவிட்டேன். இப்போது ஃபங்ஷன் 1 அல்லது 0 ரிட்டர்ன் செய்கிறது, கூட்டல் வெளியே நடக்கிறது. புள்ளி எங்கே மாறுகிறது என்று தேட வேண்டியதே இல்லை.