'ஆக். லேப்.': 'விவ. ஆள்' என்று வைக்கலாமா?

நண்பர்களே,

இங்கிலாந்தின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எந்தக் கிராமத்து ஏட்டைத் திறந்தாலும், தொழில் பத்தியில் 'ஆக். லேப்.' என்று வரிசையாக நிற்கும். அக்ரிகல்சுரல் லேபரர், அதாவது விவசாயத் தொழிலாளி என்பதன் சுருக்கம் அது. இந்த ஏடுகளை நாம் தமிழில் பெயர்த்து எழுதும்போது அதற்கு என்ன சொல் போடலாம் என்ற இந்த இழையில் 'பண்ணையாள்', 'விவசாயக் கூலி' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

'பண்ணையாள்' வேண்டவே வேண்டாம். ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மிராசுதாரரிடம் கட்டுண்டு கிடந்த கதை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 1952-இல் தஞ்சைக்கென வந்த பாதுகாப்புச் சட்டத்தின் பெயரிலேயே 'பண்ணையாள்' இடம்பெற்றது. இங்கிலாந்துக் கூலிக்கும் வறுமை கொடியதுதான், ஆனால் அங்கே சாதிக்கட்டு கிடையாது. இந்தச் சொல்லைப் போட்டால் படிப்பவர் அதையும் சேர்த்தே படிப்பார்.

'விவசாயக் கூலி' பரவாயில்லை. ஆனால் 1841-இல் கணக்கெடுப்பாளர்களுக்குத் தரப்பட்ட அறிவுரையைப் பாருங்கள். பண்ணை வேலைக்காரர், உழவு வேலை செய்பவர் எல்லோரையும் இந்த ஒரே சுருக்கத்தில் அடக்கலாம் என்கிறது. குடிசையில் குடும்பத்தோடு இருந்து வாரக்கூலி வாங்கியவரும் 'ஆக். லேப்.'தான், ஆண்டு ஒப்பந்தத்தில் பண்ணைக்காரர் வீட்டிலேயே உண்டு உறங்கிய கல்யாணமாகாத பையனும் 'ஆக். லேப்.'தான். கூலி என்று எழுதினால் அந்தப் பையன் விடுபடுகிறான்.

அதனால் என் பரிந்துரை 'விவசாய ஆள்', சுருக்கமாக 'விவ. ஆள்'. 'நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை' என்கிறோம், 'மாட்டைப் பார்க்க ஆள் வைத்திருக்கிறார்' என்றும் சொல்கிறோம். இரண்டு வகை வேலையையும் 'ஆள்' தாங்குகிறது. ஏட்டைப் பெயர்த்து எழுதும்போது சுருக்கத்தைச் சுருக்கமாகவே விடுவதும் முக்கியம். விரித்தால் மூலத்தில் இல்லாத துல்லியம் வந்துவிடும்.

1851 முதல் நிலைமை வேறு. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தி புதிதாக வருவதால், தங்கி வேலை செய்தவர் தனியாகத் தெரிகிறார். அங்கே 'விவசாயக் கூலி', 'வீட்டோடு ஆள்' என்று பிரித்துவிடலாம். 1851-இல் அடுத்த ஊரில் வீட்டோடு ஆளாக இருந்த இளைஞரே 1861-இல் மனைவி மக்களோடு விவசாயக் கூலியாகப் பதிவாவது யார்க்‌ஷயர் போன்ற வடபகுதிகளில் சாதாரணம். தெற்கில் வீட்டோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்குள் வெகுவாகத் தேய்ந்திருந்தது.

அப்புறம், மனைவியின் தொழில். ஏட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தால், நம் மாதிரிப் பெயர்ப்பில் அதை 'இல்லத்தரசி' என்று நிரப்பியிருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுவோம். மனைவியின் தொழிலை எழுதத் தேவையில்லை என்று 1841 அறிவுரையே சொன்னது. கணக்கெடுத்த நாட்களோ 1841-இல் ஜூன் 6, 1851-இல் மார்ச் 30. இரண்டும் அறுவடைக்கு முந்தையவை. களை பறித்து, கதிர் கட்டி, சிந்திய கதிர் பொறுக்கிக் குடும்பத்துக்கு மாவு சேர்த்த பெண்ணின் உழைப்பு ஏட்டில் ஏறவே இல்லை. நாமும் ஒரு சொல்லைப் போட்டு அதை மூடக் கூடாது. 'குறிப்பு இல்லை' என்று எழுதுவோம். 'ஆக். லேப். மனைவி' என்று எழுதியிருக்கும் இடங்களில் 'விவ. ஆள் மனைவி' சரியாக இருக்கும்.

சிறுவர்களுக்கு ஒன்று பாக்கி. விதைத்த வயலில் காக்கை குருவியை விரட்டும் வேலையும் சில ஏடுகளில் தொழிலாகவே பதிவாகியிருக்கிறது. 'குருவி ஓட்டி' எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு சொல் உங்கள் ஊரில் இருந்தால் எழுதுங்கள்.